ஆங்கிலப் பந்தியைக் கிரகித்தல்: தரம் 9 முதல் 11 வரையான மாணவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

கீழேயுள்ள வசனத்தை ஒருமுறை வாசியுங்கள்.

"மிலுவன் நேற்றுக் காலை மூன்று தெவனிகளைக் கொரவினான்."

இனி வினாக்கள். நேற்றுக் காலை கொரவியவன் யார்? மிலுவன். எத்தனை தெவனிகளைக் கொரவினான்? மூன்று. எப்போது கொரவினான்? நேற்றுக் காலை. மூன்று வினாக்களுக்கும் விடை சரி, புள்ளியும் முழுமையாகக் கிடைத்துவிடும். ஆனால் மிலுவன் என்ன செய்தான் என்பது விடை எழுதியவருக்குத் தெரியாது. 'தெவனி' என்றோ 'கொரவுதல்' என்றோ தமிழில் ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் பிரதேசங்களில் மாணவர்கள் பலர் ஆங்கிலப் பாடத்தின் கிரகித்தல் பகுதியை இந்த வழியில்தான் செய்கிறார்கள். வினாவிலுள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடுவார்கள். அது கிடைத்ததும் அந்த வரியை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். இலகுவான வினாக்களுக்கு இது கைகொடுக்கும். அதனால் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறது என்று ஆசிரியரும் பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். வினா சற்றே திரும்பியதும் இந்த உத்தி கைவிட்டுவிடுகிறது. அப்போது "ஆங்கிலம் எனக்கு ஏறாது" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது.

கடந்தகால வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்விப்பது பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளக்கும். எப்படி வாசிப்பது என்பதை அது கற்றுக்கொடுக்காது. வாசித்து விளங்கிக்கொள்வது பயின்று பெறக்கூடிய ஒரு பழக்கம். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாவிட்டாலும், நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் அதைப் பெறலாம். அந்த முறையே இக்கட்டுரையின் பொருள்.

இடையில் அறுந்தது

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கில வாசிப்பு புதிதல்ல. வட்டுக்கோட்டைச் செமினறி 1823ஆம் ஆண்டிலும் உடுவில் மகளிர் பாடசாலை 1824ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பத்திரிகையில் தாங்கி வந்தது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள்.

அந்தத் தொடர்ச்சி பல காரணங்களால் அறுந்தது. தாய்மொழிக் கல்வி வந்தபின் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. தாய்மொழியில் கற்பது பிள்ளைகளுக்கு நன்மையே தந்தது. ஆனால் அந்த ஒரு பாடத்தையேனும் ஒழுங்காகக் கற்பிக்கும் நிலைமை போருக்குப்பின் இருக்கவில்லை. 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990களில் குடாநாட்டு மாணவர்கள் மின்சாரமின்றிக் குப்பி விளக்கில் படித்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 2008, 2009இல் வன்னிப் பாடசாலைகள் மாணவர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள் பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள்.

2009ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகள் இன்று சாதாரண தர வகுப்பைக் கடக்கும் வயதில் இருக்கிறார்கள். இவர்களின் பெற்றோர் பதுங்குகுழிக்கும் இடம்பெயர்வுக்கும் இடையில் பாடசாலைக்குப் போனவர்கள். "வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் படி" என்று இவர்களிடம் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளையின் மூளையில் குறை தேடவும் தேவையில்லை.

ஆங்கில வாசிப்பு பரீட்சையோடு முடிந்துவிடுவதுமில்லை. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அரச அலுவலகம் எங்களோடு தமிழில் தொடர்புகொள்ள வேண்டும் என்பது உரிமை. அதை எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை, புலம்பெயர்ந்த உறவினரின் வழக்குத் தாள்கள் எனப் பல ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே வீட்டுக்கு வருகின்றன. எங்கள் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய 2011ஆம் ஆண்டின் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும், 2015ஆம் ஆண்டின் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலக அறிக்கையும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கற்பித்தலும் ஆங்கிலத்தில்தான். பீடத்தின் மதிலுக்கு வெளியே வளரும் பிள்ளை உள்ளே போவதற்குக் கணிதம் போதலாம். உள்ளே நின்றுபிடிக்க ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வினாக்கள் மூன்று வகை

சாதாரண தர ஆங்கில மொழிப் பாடத்தில் இரண்டு வினாத்தாள்கள் உண்டு. அறிவித்தல், விளம்பரம், உரையாடல், கவிதை, நீண்ட பந்தி என வாசிக்கத் தரப்படுவது மாறலாம். எதைத் தந்தாலும் அதன்கீழ் வரும் வினாக்களைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கலாம். ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆங்கிலப் பந்தியொன்றின் பொருள் தமிழில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"முத்தையா வழக்கமாகக் காலை எட்டு மணிக்குள் தன் மீனை விற்று முடித்துவிடுவார். அன்று அவருடைய தராசு பைக்குள்ளேயே கிடந்தது. அவர் கடலைப் பார்த்தார். பிறகு, மணலில் வெகுதூரம் மேலே இழுத்து வைக்கப்பட்டிருந்த அயலவர்களின் படகுகளைப் பார்த்தார். 'நாளைக்குப் பார்ப்பம்' என்றார்."

முதல் வகை, வரியில் இருப்பதைக் கேட்பது. முத்தையா வழக்கமாக எத்தனை மணிக்குள் மீனை விற்பார்? எட்டு மணிக்குள். இதற்கு வரியைத் தேடும் உத்தி போதும்.

இரண்டாம் வகை, வரிகளுக்கு இடையில் இருப்பதைக் கேட்பது. அன்று முத்தையா மீன் விற்றாரா? 'விற்கவில்லை' என்று பந்தியில் எங்கும் எழுதப்படவில்லை. தராசு பையைவிட்டு வெளியே வரவில்லை என்பதிலிருந்து நாங்கள்தான் அறிய வேண்டும். ஏன் கடலுக்குப் போகவில்லை? படகுகள் மணலில் மேலே ஏற்றப்பட்டிருப்பதால் கடல் கொந்தளிப்பாக இருந்திருக்கலாம். 'புயல் அடித்தது' என்று எழுதினால் அது பந்தி தராத செய்தி. ஊகம் வேண்டும், ஆனால் ஊகத்துக்குப் பந்திக்குள் சான்று இருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, பந்தி முழுவதையும் சேர்த்துப் பார்க்கக் கேட்பது. பொருத்தமான தலைப்பு எது? அவருடைய மனநிலை என்ன? 'மீன் சந்தை' என்று தலைப்பிட்டால் தவறு. மீன் என்ற சொல் வந்தாலும் பந்தி சந்தையைப் பற்றியதல்ல. வேலையில்லாமல் போன ஒரு நாளைப் பற்றியது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. "அன்று அவர் எத்தனை மணிக்கு மீனை விற்றார்?" என்று வினா வந்தால், வரியைத் தேடும் மாணவர் 'எட்டு மணி' என்று எழுதிவிடுவார். 'வழக்கமாக' என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போனதால் வந்த வினை அது. ஆங்கிலத்தில் அது 'யூசுவலி'.

தமிழ் வாசகரை ஆங்கில வசனம் மடக்கும் இடங்கள்

சொல்லெல்லாம் தெரிந்தும் வசனம் விளங்காமல் போவதுண்டு. ஆங்கில வசனம் தமிழ் வசனத்தின் ஒழுங்கில் ஓடாததே காரணம். நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டால் பெரும் பகுதி நேராகிவிடும்.

ஒன்று, விவரிக்கும் பகுதி பெயருக்குப் பின்னால் வருவது. 'த கேர்ள் ஹூ புறோக் த வின்டோ றான் அவே' என்ற வசனத்தைப் பாருங்கள். தமிழில் 'யன்னலை உடைத்த சிறுமி ஓடிவிட்டாள்' என்போம். சிறுமியை விவரிக்கும் பகுதி அவளுக்கு முன்னால் வந்துவிடுகிறது. 'ஓடிவிட்டாள்' என்ற சொல் அவளுக்கு அருகிலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலோ விவரிப்பு நடுவில் புகுந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. அவசரமாக வாசிக்கும் பிள்ளையின் கண்ணில் 'வின்டோ றான் அவே', அதாவது 'யன்னல் ஓடிவிட்டது' என்பதுதான் படும். 'ஹூ', 'விச்', 'தற்' என்ற சொற்கள் பெயரை ஒட்டி வந்தால், அங்கிருந்து தொடங்கும் விவரிப்பை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மீதமிருப்பதை முதலில் வாசியுங்கள்: சிறுமி ஓடிவிட்டாள். பிறகு அடைப்பைத் திறவுங்கள்: எந்தச் சிறுமி?

இரண்டு, செயப்பாட்டு வினை. 'த லெற்றர் வோஸ் சென்ற் பை த பாங்க்' என்பதில் அனுப்பியது வங்கி. கடிதம் முதலில் நிற்பதால் அதையே செய்தவராக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அலுவலகக் கடிதங்களில் செய்தவரின் பெயரே இராது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது என்று மட்டும் இருக்கும்; நிராகரித்தவர் யார் என்பது இராது. ஒவ்வொரு வசனத்திலும் வினைச்சொல்லைக் கண்டுபிடித்து, 'செய்தது யார்?' என்று கேட்டுப் பழக வேண்டும். செய்தவர் சொல்லப்படவில்லை என்பதும் ஒரு விடைதான்.

மூன்று, சுட்டுப் பெயர்கள். 'இற்', 'தே', 'திஸ்', 'தெம்' ஆகியவை முன்னால் வந்த ஏதோ ஒன்றைக் குறிக்கும். பென்சிலால் அந்தச் சொல்லிலிருந்து அது குறிக்கும் பெயருக்கு ஓர் அம்புக்குறி இடுங்கள். அம்பு எங்கே போவது என்று தெரியாத இடத்தில்தான் பந்தி கைநழுவுகிறது.

நான்கு, பொருளைப் புரட்டும் சிறு சொற்கள். 'அன்லெஸ்' என்றால் 'இல்லாவிட்டால்'. 'ஓல்தோ' என்றால் 'இருந்தபோதிலும்'. 'அன்ரில்' என்றால் 'வரைக்கும்'. 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை'. 'எக்செப்ற்' என்றால் 'தவிர'. நீளமான சொற்களை அகராதியில் தேடும் மாணவர்கள் இந்தச் சிறு சொற்களைத் தெரிந்தவை என்று தாண்டிவிடுவார்கள். வசனம் தலைகீழாவது இங்கேதான். இரண்டு மாதத் தவணை தவறாவிட்டால் பொருள் பறிமுதல் செய்யப்படாது என்பதற்கும், தவறினால் பறிமுதல் செய்யப்படும் என்பதற்கும் இடையிலுள்ள ஒரு 'அன்லெஸ்' எத்தனை பெரியது என்பது கடன் எடுத்த வீடுகளுக்குத் தெரியும்.

எவ்வளவு கடினமான பந்தி?

பின்தங்கிய பிள்ளைக்குப் பரீட்சைத் தரத்துப் பந்தியையே திரும்பத் திரும்பக் கொடுப்பது நீந்தத் தெரியாதவரை நடுக்கடலில் இறக்குவது போன்றது. ஒரு வாசகர் எவருடைய உதவியுமின்றி ஒரு பந்தியை நன்றாக விளங்கிக்கொள்ள, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 அளவில் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதை வீட்டில் அளப்பது எளிது. பந்தியின் முதல் நூறு சொற்களை எண்ணி, தெரியாத சொற்களின்கீழ் கோடிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கோடுகள் என்றால் பிள்ளை தனியே வாசிக்கலாம். ஐந்து வரை போனால் ஒருவர் உதவ வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் பந்தி இப்போதைக்கு வேண்டாம். தரம் 11 மாணவர் தரம் 7 பாடநூலுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே வேகமாக நடந்தால் சில மாதங்களில் சொந்த வகுப்புக்குத் திரும்பிவிடலாம்.

இந்த வழி எங்கள் பிராந்தியத்திலேயே சோதிக்கப்பட்டது. மைக்கல் வெஸ்ற் என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1920களில் டாக்காவில் வங்காள மாணவர்களுக்குக் கற்பித்தபோது, அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது வாசிப்பே என்று கண்டார். புதிய சொற்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் எளிய வாசிப்பு நூல்களை ஆக்கினார். 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல்களுக்கு அடித்தளமாயிற்று. சாதாரண தர மாணவர் கைக்கொள்ள வேண்டிய முதல் இலக்கும் இந்த அளவுதான். அகராதியை மனனம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்

சொல்லைப் போலவே முக்கியமானது விடயத்தைப் பற்றிய அறிவு. அமெரிக்காவில் 1988இல் றெக்ற், லெஸ்லி என்ற இருவர் பாடசாலை மாணவர்களுக்குப் பேஸ்போல் ஆட்டம் பற்றிய பந்தியொன்றைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்கள், வாசிப்பில் சிறந்திருந்தும் ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். முத்தையாவின் பந்தியை முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளையிடம் கொடுத்தால், படகு மேலே ஏற்றப்பட்டதும் சங்கதி பிடிபட்டுவிடும். கடலைக் காணாத பிள்ளை தடுமாறும். இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவாக இருக்கலாம்.

ஆகவே தமிழில் அறிந்த விடயத்தை ஆங்கிலத்தில் வாசிப்பதே மலிவான, உறுதியான வழி. இன்றைய செய்தியொன்றைத் தமிழில் முழுமையாக வாசியுங்கள். அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையின் இணையத்தளத்தில் தேடி வாசியுங்கள். யார், எங்கே, என்ன என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் தெரியாத சொற்களின் பொருளும் தானே வெளிப்படும். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைக்குக் கிரிக்கெட் செய்தி. விஞ்ஞானத்தில் ஒளித்தொகுப்பு படித்த வாரத்தில் ஒளித்தொகுப்பு பற்றிய எளிய ஆங்கிலப் பந்தி.

மும்மொழியில் வரும் அரச படிவங்களும் அறிவித்தல்களும் இன்னொரு நல்ல வளம். ஆளடையாள அட்டை விண்ணப்பத்தின் தமிழ்ப் பகுதியை மூடிவிட்டு ஆங்கிலப் பகுதியை வாசியுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விடை பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும் பயிற்சி இது.

ஒரு பந்தியை வாசிக்கும் முறை

ஒரே பந்தியை இரண்டு நாள்கள் வைத்திருங்கள். வாரத்துக்கு மூன்று பந்திகள் போதும்.

முதல் நாள்:

1. வினாக்களை ஒரு தாளால் மூடிவிடுங்கள். முழுப் பந்தியையும் நிறுத்தாமல் ஒருமுறை வாசியுங்கள். தெரியாத சொல்லில் தரிக்க வேண்டாம்.
2. "இது எதைப் பற்றியது?" என்பதைத் தமிழில் ஒரே வசனத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் மீண்டும் வாசியுங்கள்.
3. பென்சிலோடு இரண்டாம் முறை வாசியுங்கள். வினைச்சொற்களின்கீழ் கோடு, விவரிப்புக்கு அடைப்பு, சுட்டுப் பெயருக்கு அம்பு, புரட்டும் சிறு சொல்லைச் சுற்றி வட்டம்.
4. தெரியாத சொற்களில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். முன்பின் வசனங்களைக் கொண்டு பொருளை ஊகித்து எழுதுங்கள். அதன் பின்னரே அகராதி அல்லது கைத்தொலைபேசி.

இரண்டாம் நாள்:

5. அதே பந்தியை வாய்விட்டு வாசியுங்கள். நேற்றைவிடச் சரளமாக வரும்.
6. இப்போது வினாக்களைத் திறந்து விடை எழுதுங்கள். ஒவ்வொரு விடைக்கும் அருகில் சான்று இருக்கும் வரியின் இலக்கத்தைக் குறியுங்கள். வரி இலக்கம் எழுத முடியாத விடை வெறும் ஊகமாக இருக்கலாம்.
7. வினா கேட்ட வடிவில்தான் விடை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல்லைக் கேட்டால் ஒரு சொல். இரண்டு காரணங்கள் கேட்டால் இரண்டு. சொந்த வசனத்தில் எழுது என்றால் பந்தியின் வரியை அப்படியே எழுதக்கூடாது. அர்த்தம் விளங்கியும் புள்ளி இழக்கும் இடம் இது.

கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைப் பந்தி முழுவதற்கும் முதலிலேயே பயன்படுத்தினால், வாசித்தது செயலிதான், பிள்ளை அல்ல. இரண்டாம் நாள் விடைகளை எழுதி முடித்தபின் சரிபார்க்க அதைப் பயன்படுத்தலாம்.

பிழைக் கொப்பி

பயிற்சியின் பலன் திருத்தத்தில்தான் இருக்கிறது. ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் கீறுங்கள்: சொல் தெரியாது, வசனம் விளங்கவில்லை, வினாவைத் தவறாக வாசித்தேன், சான்றில்லாமல் ஊகித்தேன். பிழைத்த ஒவ்வொரு விடையும் எந்த நிரலுக்குரியது என்று அடையாளமிடுங்கள்.

நான்கு வாரங்கள் கழித்து எண்ணிப் பாருங்கள். சொல் நிரல் நீண்டிருந்தால் எளிய பந்திகளை அதிகமாக வாசிக்க வேண்டும். வசன நிரல் நீண்டிருந்தால் அடைப்பும் அம்பும் இடும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். வினா நிரல் நீண்டிருந்தால், அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தை விட அவசரத்தைத்தான் திருத்த வேண்டும். ஊக நிரல் நீண்டிருந்தால் வரி இலக்கம் எழுதும் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 'ஆங்கிலம் வராது' என்ற பொதுவான அச்சம், திருத்தக்கூடிய ஒரு குறிப்பிட்ட குறையாக மாறும். பாடசாலையில் ஆசிரியரிடம் இந்தக் கொப்பியைக் காட்டினால் அவருக்கும் எங்கே உதவுவது என்று தெரியும்.

ஆங்கிலம் தெரியாத அம்மாவும் அப்பாவும்

பிள்ளையின் ஆங்கில வாசிப்புக்குப் பக்கத்தில் இருக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

"என்ன நடந்தது?"

"ஆர் செய்தது?"

"உனக்கு எப்பிடித் தெரியும்? எந்த வரியிலை இருக்கு, காட்டு பாப்பம்."

மூன்றாவது கேள்வியே வலிமையானது. பிள்ளை விரலை வைத்துக் காட்டித் தமிழில் விளக்கும்போது, விளங்கிய இடமும் விளங்காத இடமும் பிள்ளைக்கே தெரிந்துவிடும். கதை பொருந்தாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஆங்கிலம் தேவையில்லை. யன்னல் ஓடியது என்று சொன்னால், யன்னல் எப்படி ஓடும் என்று யாரும் கேட்கலாம்.

விடையைத் தமிழில் சொல்ல அனுமதியுங்கள். விளங்குவது முதலாவது, ஆங்கிலத்தில் எழுதுவது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் கேட்பதால்தான் விளங்கிய பிள்ளையும் விளங்காத பிள்ளையைப் போல மௌனமாக இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதையும் தவிருங்கள். தரம் 7 நூலை வாசிக்கும் தரம் 11 பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது, கேலி செய்யாத ஒரு மூலை.

எங்கே தேடுவது

அரசாங்கம் 1980இலிருந்து இலவசமாக வழங்கும் பாடநூல்களே முதல் வளம். கீழ் வகுப்பு நூல்களை அயல் வீட்டில் இரவல் வாங்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் வகுப்பு வாரியான பாடங்கள் உள்ளன. பிரித்தானிய கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலிஷ் ரீன்ஸ்' தளத்தில் வாசிப்புப் பந்திகள் எளியதிலிருந்து கடினமானது வரை நிலைப்படுத்தப்பட்டு, வினாக்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. இணைய வசதி இல்லாத வீடுகளுக்குப் பிரதேச சபை நூலகத்தின் சிறுவர் பகுதி உண்டு. மருந்துப் பெட்டியின் தாள், உரப்பையின் மேற்புறம், தொலைபேசிக்கு வரும் வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவையும் பந்திகள்தான். கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களுக்கு ஒதுக்கி, நேரம் வைத்துச் செய்யுங்கள்.

பரீட்சை அச்சத்தில் இருப்போருக்கு ஒரு தகவல். உயர்தரம் கற்க, பொதுவாகத் தாய்மொழி உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். ஆங்கிலத்தில் சித்தியடையாதது மட்டும் அந்தக் கதவை மூடாது. இதை அறிந்திருந்தால் பிள்ளை பயமின்றிப் படிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தைக் கைவிட இதைக் காரணமாக்க வேண்டாம். உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலும் தொழிலிலும் ஆங்கிலத் தாள்கள் காத்திருக்கின்றன.

ஆசிரியர் பற்றாக்குறையை வீட்டுப் பயிற்சியால் ஈடுசெய்துவிட முடியாது. ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரைத் தரவேண்டியது வலயக் கல்வி அலுவலகமும் மாகாணக் கல்வித் திணைக்களமும். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் பெற்றோர் அதை எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் ஆசிரியர் வரும்வரை தரம் 10 பிள்ளையின் வயது நின்று காத்திருக்காது.

இன்றிரவே தொடங்குவதற்கு, கடந்த ஆண்டு ஆங்கிலப் பாடநூலில் ஒரு பந்தியும், ஒரு பென்சிலும், வினாக்களை மூட ஒரு தாளும் போதும். வாசித்து முடித்ததும் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்க, பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.